நீறு பூத்த நெருப்பு: பனி நாடுகளில் இயந்திரம் காத்த கதை

எமது நாட்டில் மோட்டார் வண்டி ஓட்டுவோர் இயந்திரத்தின் சூட்டுக்கே அஞ்சுவர்; அதன் குளிருக்கு அஞ்சியவரைக் காண்பது அரிது. கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சிரைத்து நிற்கும் லொறியையும், அதன் முகப்பிலிருந்து ஆவி சீறி எழுவதையும், தண்ணீர் வாளியுடன் விரைந்து வரும் உதவியாளையும் நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். இயந்திரம் என்பது தணிக்கப்பட வேண்டிய நெருப்பு என்பதே நமது அனுபவம் நமக்குத் தந்த பாடம். நுவரெலியாவிலே தை மாசி மாதங்களிற் சில விடியற் பொழுதுகளில் புல்நுனியிலே வெண்பனி உறைவதுண்டு. ஆயினும் வெயில் ஏறியதும் அது கரைந்து போகும். வண்டிகளை முடக்கிப் போடும் குளிர் என்று அதனைச் சொல்ல முடியாது.

உலகத்தின் வடகோடியில் இப்பாடம் தலைகீழாகிவிடுகிறது. அலாஸ்காவிலும், வட கனடாவிலும், சைபீரியாவிலும் மாரிகால இரவொன்றில் வெளியே நிறுத்தி வைத்த இயந்திரம் சில மணி நேரத்திலே கல்லாகிவிடும். அங்கே அது தணிக்கப்பட வேண்டிய நெருப்பாக இருப்பதில்லை. அணைந்துபோகாமற் காக்கப்பட வேண்டிய நெருப்பாகிவிடுகிறது. நம் பாட்டிமார் இரவு சமையல் முடிந்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பர், விடியற்காலையில் சாம்பலை விலக்கி, ஒரு பிடி தென்னந்தும்பை வைத்து ஊதுவர், நெருப்பு எழும். நெருப்புப் பெட்டி அரிதாயிருந்த காலத்தில் வீட்டின் காலை உணவு முந்திய இரவின் அந்தச் சாம்பற் போர்வையிலேயே தங்கியிருந்தது. பனி நாட்டு இயந்திரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. விடியற்காலையில் அது புறப்படுமா, புறப்படாதா என்ற கேள்வி விடியற்காலையில் தீர்வதில்லை. முந்திய இரவிலேயே அது தீர்ந்துவிடுகிறது.

குளிர் செய்யும் கேடுகள்

குளிர் என்றால் எத்தகைய குளிர்? சைபீரியாவின் வெர்கொயான்ஸ்க் என்ற ஊரில் 1892ஆம் ஆண்டிலும், ஒய்மியாகொன் என்ற ஊரில் 1933ஆம் ஆண்டிலும் சதம அளவையிற் பூச்சியத்துக்குக் கீழே 67 பாகையையும் தாண்டிய குளிர் பதிவாயிற்று. இவை உச்சங்கள். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை என்பது அந்நிலங்களில் ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. சதம அளவையும் பரனைற்று அளவையும் ஒரே எண்ணைக் காட்டும் இடமும் அதுவே. இரண்டு வெப்பமானிகளும் அங்கே கருத்து வேற்றுமை மறந்து கைகோத்துக் கொள்கின்றன.

இத்தகைய குளிரில் இயந்திரத்துக்கு நாற்புறமிருந்தும் பகை எழுகின்றது.

முதற் பகை மசகெண்ணெயில். இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயாதபடி இடையிலே மெல்லிய படலமாய் நிற்பது எண்ணெய். சூட்டில் நீராய் ஓடும் அவ்வெண்ணெய், குளிர் ஏற ஏறக் கூழாகி, பின்பு பாகாகி, ஈற்றிலே மெழுகுபோல் இறுகிவிடுகிறது. உருளைக்குள் ஏறி இறங்க வேண்டிய முசலத்தைக் காக்க வேண்டிய பொருளே அதைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. வலிந்து சுழற்றினாலும் எண்ணெய் மேலுள்ள உறுப்புகளுக்கு ஏறி வரச் சிறிது நேரம் ஆகும். அந்தச் சிறிது நேரத்திலே உலோகம் உலோகத்தை அராவுகிறது. இயந்திரத் தேய்மானத்திற் பெரும் பங்கு ஓட்டத்தைக் காட்டிலும் தொடக்கத்திலேயே நிகழ்கின்றது என்று பொறியியலாளர் சொல்வதன் காரணம் இதுதான்.

இரண்டாம் பகை பற்றரியில். பற்றரியின் மின் ஓர் இரசாயன மாற்றத்தினால் விளைவது. குளிரில் அம்மாற்றம் மந்தமாகும். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையளவில் ஈயப் பற்றரி ஒன்று தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியையே தர வல்லது. எண்ணெய் இறுகியதனால் இயந்திரம் இருமடங்கு வலிமையை வேண்டி நிற்கும் அதே வேளையில், கொடுக்க வேண்டியவன் கை பாதியாய்ச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது, எரிபொருள். பெற்றோல் திரவமாய் எரிவதில்லை. ஆவியாகி, காற்றோடு கலந்த பின்னரே எரியும். குளிரில் அது ஆவியாக மறுக்கிறது. தப்பித் தவறி ஒரு தடவை பற்றி அணைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். எரிதலின் விளைவாகத் தோன்றும் நீராவி, தீப்பொறி தரும் பிளக்கின் முனையிலே படிந்து உறைந்து பொறியைத் தடுத்துவிடும். ஆகவே குளிர் நாட்டிலே முதல் முயற்சி வாய்த்தால் நன்று. வாய்க்காவிடில் இரண்டாம் முயற்சி முதலாவதைவிடக் கடினமாகும். டீசல் இயந்திரத்தின் சங்கடம் வேறு வகையானது. அதற்குப் பிளக் இல்லை. காற்றை நெருக்கி அழுத்துவதனாற் பிறக்கும் சூட்டிலேதான் அதன் எரிபொருள் பற்ற வேண்டும். சுற்றியுள்ள இரும்பு உறைந்து கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, டீசலிற் கரைந்திருக்கும் மெழுகு குளிரிலே திரண்டு, வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்.

நான்காவது பகை நீர். உறையும்போது நீர் தன் கன அளவிற் பதினொன்றில் ஒரு பங்கு வரையிற் பெருக்கும். இயந்திரத்தைச் சுற்றியோடிச் சூட்டைத் தணிக்கும் நீர் ஓர் இரவில் உறைந்தால், வார்ப்பிரும்பும் வெடித்துப் பிளக்கும். 1920களில் எதிலீன் கிளைக்கோல் என்னும் உறைதல் தடுக்கும் திரவம் பரவத் தொடங்கும்வரை, வண்டிக்காரர் மாலைதோறும் நீரை வடித்துவிட்டுக் காலைதோறும் கொதிநீர் வார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். இரவுக் காவல் என்னும் கலையின் முதற் பாடம் அதுவாகும்.

தென்முனையில் ஒரு படிப்பினை

குளிரையும் இயந்திரத்தையும் முதன்முதலில் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தவர்களுள் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஸ்கொட் ஒருவர். தென்முனைப் பயணத்துக்காக அவர் மூன்று மோட்டார்ச் சறுக்கு வண்டிகளைக் கப்பலிற் கொண்டு சென்றார். 1911 ஜனவரியிற் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒன்று பனிக்கட்டி உடைந்து கடலுள் ஆழ்ந்தது. ஏனைய இரண்டும் அவ்வாண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி புறப்பட்டன. பொறியியலாளர் பேர்னாட் டே அவற்றோடு சென்றார்.

அவ்வண்டிகளின் இயந்திரங்கள் காற்றினாற் குளிர்விக்கப்படுவன. அவை நேர்கொண்ட இடர் விந்தையானது. சற்றுத் தூரம் ஓடியதும் உருளைகள் அளவுக்கு மிஞ்சிச் சூடேறின. ஆறுவதற்காக வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. உருளைகள் ஆறுவதற்குள், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபுறேற்றர் குளிர்ந்து விறைத்தது. மறுபடி புறப்படுவது பெரும்பாடாயிற்று. ஒரே இயந்திரத்தில் ஓர் அங்கம் வெந்துகொண்டிருக்க மற்றோர் அங்கம் விறைத்துக்கொண்டிருந்தது! நவம்பர் முதலாந் திகதியளவில் இரண்டு வண்டிகளும் பழுதாகிக் கைவிடப்பட்டன. அவற்றை ஓட்டி வந்த நால்வரும் சுமையைத் தம் தோள்களிற் பூட்டி இழுத்துச் சென்றனர்.

குளிர் நாட்டுக்கு ஏற்ற இயந்திரம் என்பது குறைந்த சூடுள்ள இயந்திரமோ மிகுந்த சூடுள்ள இயந்திரமோ அன்று. சூடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய அளவில் நிலைத்திருக்கும் இயந்திரமே என்பதனை அவ்வனுபவம் உணர்த்திற்று. ஆனால் அப்பாடத்தைக் கற்றுக்கொள்ள உலகுக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

நோம் நகரின் ஐந்தரை நாட்கள்

1925ஆம் ஆண்டு ஜனவரியில் அலாஸ்காவின் மேற்குக் கரையிலுள்ள நோம் என்ற சிற்றூரில் தொண்டைக்கரப்பன் நோய் கண்டது. குழந்தைகளின் தொண்டையை அடைத்து மூச்சைப் பறிக்கும் கொடிய நோய் அது. ஊரிலிருந்த ஒரே வைத்தியர் கேட்டிஸ் வெல்ச். அவரிடமிருந்த நச்சு முறி மருந்தோ காலங் கடந்தது. கடல் உறைந்துவிட்டது, இளவேனில் வரும்வரை கப்பல் வராது. மருந்து ஆங்கரேஜ் நகரத்து வைத்தியசாலை ஒன்றிற் கிடைத்தது. புகையிரதம் அதனை நெனானா என்ற ஊர்வரைதான் கொண்டுவர முடியும். அதற்கப்பால் நோம் வரையில் ஏறத்தாழ 1,085 கிலோமீற்றர் பனிவெளி.

விமானத்தில் அனுப்பலாமே என்ற குரல் எழுந்தது. பெயர்பேங்ஸ் நகரில் விமானங்கள் இருக்கவே செய்தன. ஓராண்டுக்கு முன்னர், 1924 பெப்ரவரியில், காள் பென் ஐல்சன் என்ற விமானி அங்கிருந்து மக்கிராத் என்ற ஊருக்குத் தபால் கொண்டு பறந்து காட்டியுமிருந்தார். ஆயினும் இருந்த விமானங்கள் விமானி திறந்த வெளியில் அமர்ந்து ஓட்டுபவை. அவற்றின் இயந்திரங்கள் நீரினாற் குளிர்விக்கப்படுபவை. மாரி காலத்துக்கென அவை பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பாதி வழியில் இறங்க நேர்ந்தால், இறங்கிய இடத்தில் இயந்திரம் மீண்டும் உயிர்க்கும் என்பதற்கு உறுதி இல்லை. விமானம் விழுந்தால் மருந்தும் அதனோடு போய்விடும். ஆளுநர் போன் நாய்களைத் தெரிந்தெடுத்தார்.

ஜனவரி 27ஆந் திகதி இரவு தொடங்கிய அந்த அஞ்சலோட்டத்தில் இருபது சறுக்கு வண்டிக்காரரும் நூற்றைம்பதளவு நாய்களும் மாறி மாறி ஓடின. மிகக் கடினமான பகுதியை லெயோன்ஹாட் செப்பாலா என்பவர் தோகோ என்ற நாயின் தலைமையிற் கடந்தார். கடைசிப் பகுதியைக் கடந்தவர் கன்னார் காசன். அவருடைய முன்னோடி நாய் பால்தோ. பெப்ரவரி இரண்டாந் திகதி விடியற்காலையில் மருந்து நோம் சேர்ந்தது. ஐந்தரை நாளில் அது நிகழ்ந்தது.

இதிலே நம் கவனத்துக்குரிய ஒரு சிறு செய்தி உண்டு. வழியிலுள்ள தங்குமனைகளில் வண்டிக்காரர் மருந்துப் பொதியை உள்ளே கொண்டுபோய் அடுப்பருகே வைத்துச் சூடேற்றினர். பின்பு உரோமப் போர்வையாற் சுற்றிக் கொண்டு சென்றனர். ஒரு மருந்துப் பொதிக்குச் செய்த அந்தப் பணிவிடையை ஓர் இயந்திரத்துக்குச் செய்யும் வழி அன்று எவர் கையிலும் உறுதியாக இருக்கவில்லை. இருந்திருப்பின் ஐந்தரை நாள் சில மணி நேரமாகியிருக்கும். ஊர் மக்களின் நோயும் அச்சமும் அந்த வேறுபாட்டிலே தொங்கிக்கொண்டிருந்தன.

எண்ணெயை வீட்டுக்குள் கொண்டு சென்றோர்

அடுத்து வந்த ஆண்டுகளில் அலாஸ்காவிலும் வட கனடாவிலும் பறந்த காட்டு விமானிகள் அந்த வழியைத் தம் கையாலேயே அமைத்துக்கொண்டனர். அவர்களுடைய மாலைக் கடன் இதுவாகும்:

பனியால் மூடிய ஆற்றின் மீதோ ஏரியின் மீதோ விமானம் இறங்கி நின்றதும், இயந்திரம் சூடாக இருக்கும்போதே விமானி எண்ணெயைத் தகர வாளிகளில் வடித்தெடுப்பான். களைப்பும் பசியும் வருத்தினும் இவ்வேலை முடியாமல் அவன் குடிசைக்குட் போவதில்லை. சிறிது தாமதித்தாலும் எண்ணெய் இறுகும். இறுகிய எண்ணெய் வடியாது. பின்பு இயந்திரத்தின் மேல் தடித்த துணி உறையைப் போர்த்திக் கட்டுவான். வாளிகள் குடிசைக்குள் அடுப்பருகே இடம் பெறும். விருந்தினனுக்கு முன்னதாக அவனுடைய எண்ணெய்க்கே வெப்பமான மூலை அளிக்கப்பட்டது என்று சொல்லலாம்.

விடியுமுன்னே மறுபடி வேலை தொடங்கும். உறையை நிலம் வரை தொங்கவிட்டு ஒரு சிறு கூடாரமாக்கி, அதனுள் ஊதுவிளக்கை எரிய வைத்து, விமானி தானும் உள்ளே குந்தியிருப்பான். மேலே பெற்றோல் நிறைந்த தாங்கி; நனைந்த குழாய்கள்; எண்ணெய் படிந்த துணி; கீழே சீறும் சுவாலை. தீயணைக்கும் கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கண்ணிமைக்கும் நேரம் அயர்ந்தாலும் விமானமே கொள்ளியாகிவிடும். அவ்வாறு எரிந்துபோன விமானங்களும் உண்டு. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இப்படிச் சென்ற பின், இரும்பு தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அப்பொழுது அடுப்பருகிலிருந்த எண்ணெயைக் கொண்டோடி வந்து ஊற்றி, இயந்திரத்தைச் சுழற்ற வேண்டும். அந்த ஒரு தருணத்தில் அது பற்றிக்கொள்ள வேண்டும். பற்றாவிட்டால் எண்ணெயை மீண்டும் வடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வடக்கே பகல் குறுகியதாதலால் அன்றைய பயணமே கைநழுவிவிடும்.

புகழ் பறப்பவனுக்குக் கிடைத்தது. ஆனால் பறப்பதற்கு உரிய தகுதியை அவன் பெற்றது அந்தக் கூடாரத்துட் புகையில் கண் எரியக் காத்திருந்த வேளையிலேயாம்.

இதனை இலகுவாக்கும் உபாயம் ஒன்று பின்னர் வழக்கில் வந்தது. இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்னர், ஒரு வாயிலைத் திறந்து அளவாகப் பெற்றோலை எண்ணெயோடு கலந்துவிடுவர். நீர்த்துப்போன எண்ணெய் இரவுக் குளிரிலும் இறுகாது. காலையில் இயந்திரம் ஓடிச் சூடேறியதும் கலந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் தன் பழைய தடிப்பை மீண்டும் பெறும். 1940இல் பெயர்பேங்ஸ் அருகே அமெரிக்கப் படையினர் திறந்த லட் விமானத்தளத்தின் முதல் நோக்கமே விமானங்களைக் கடுங்குளிரிற் சோதித்துப் பார்ப்பதுதான். இத்தகைய உபாயங்கள் அங்கே பரீட்சிக்கப்பட்டன. இங்கும் கவனிக்க வேண்டியது ஒன்று: காலையிலே தேவைப்படும் வேலை மாலையிலே, இயந்திரம் இன்னும் சூடாக இருக்கும்போதே, செய்யப்பட்டுவிட்டது.

முன்யோசனை இல்லாதவர் பட்ட பாட்டையும் அதே காலம் காட்டிற்று. 1941 டிசெம்பரில் மொஸ்கோ நகரை நெருங்கிய ஜேர்மன் படை மாரி வருமுன் போர் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தது. எண்ணெய் இறுகிற்று, தாங்கிகளின் கீழே நெருப்பு மூட்டி அவற்றை இளக்க வேண்டியதாயிற்று, சில மணிக்கொரு தடவை இயந்திரங்களை வெறுமனே ஓட்டி, அரிதான எரிபொருளை எரிக்க வேண்டியதாயிற்று. எதிரே நின்ற சோவியத் டி-34 தாங்கியிலோ, மின்னாற் புறப்படாவிடின் நெருக்கிய காற்றினாற் புறப்படச் செய்யும் ஏற்பாடு ஆக்கப்படும்போதே பொருத்தப்பட்டிருந்தது. போரின் போக்கைக் குளிர் ஒன்றே தீர்த்ததென்று கூறுவது மிகை. ஆயினும் குளிரை எண்ணிப் பார்த்தவனுக்கும் எண்ணாதவனுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அப்பனியிலே தெளிவாகத் தெரிந்தது.

ஓர் மரையாணியின் வரலாறு

போர் முடிந்தபின் இக்கலை வீட்டு வாசலுக்கு வந்தது. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் கிராண்ட் போக்ஸ் என்ற நகரில், கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவு நிலையமொன்றைச் சார்ந்த அன்ட்ரூ பிரீமன் என்ற பொறியியலாளர் இருந்தார். மாரிகாலக் காலைகளிலே புறப்பட மறுக்கும் வண்டி அங்குள்ளோர் அனைவர்க்கும் பொதுவான துன்பம். இயந்திரத்தின் மேல் மூடியை இறுக்கிப் பிடிக்கும் மரையாணிகளுள் ஒன்றை எடுத்துவிட்டு, அதன் இடத்திலே உட்டுளையுள்ள ஆணி ஒன்றைப் பொருத்தி, அத்துளையினுள் மின்னாற் சூடேறும் கம்பியை வைத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். நாம் துணி அழுத்தும் மின் இஸ்திரிப் பெட்டியில் உள்ளதும் அத்தகைய கம்பியே. 1949 நவம்பரில் அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது.

எவ்வளவு சிறிய பொருள்! இரவு படுக்கைக்குப் போகுமுன் வண்டி முகப்பிலிருந்து தொங்கும் மின்கயிற்றை வீட்டுச் சுவரிலுள்ள துளையிற் செருகிவிட்டால் போதும். ஊதுவிளக்கும் கூடாரமும் கண்விழிப்பும் ஓர் ஆணிக்குள் அடங்கிவிட்டன. பிற்காலத்துச் சூடேற்றிகள் பெரும்பாலும் இயந்திரத்தைச் சுற்றியோடும் திரவத்தையே சூடாக்குகின்றன. அவை கொள்ளும் மின் சாதாரணமாக 400 முதல் 1,000 வாற்று வரை. இரவு முழுவதும் அவை எரிய வேண்டுவதுமில்லை. புறப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு முன்னர் கடிகாரம் தானே மின்னைத் திறந்துவிடும்படி செய்தாற் போதுமென்பது அனுபவத்திற் கண்டது.

இன்று பெயர்பேங்ஸ், வினிப்பெக், எட்மன்ரன் முதலிய நகரங்களில், பணிமனைகளின் வண்டித் தரிப்பிடங்களில் வரிசை வரிசையாகக் குறுந்தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் மின்துளை. வெப்ப நாட்டிலிருந்து முதன்முறை செல்வோர், முகப்பிற் கயிறு தொங்கும் அவ்வண்டிகளைக் கண்டு இவையெல்லாம் மின்சார வண்டிகளோ என வியப்பர். குதிரையைக் கட்டுத்தறியிற் கட்டிப் புல்லுப் போட்டுவிட்டுப் போகும் பழைய காட்சியே அங்கு புதுவடிவில் நிகழ்கின்றது.

அணைக்காமல் விடுவதும் காவலாகுமா?

சைபீரியாவிலுள்ள யாக்குட்ஸ்க் நகரத்தின் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழே 35 பாகைக்கும் தாழ்ந்தது. அங்கே சூடேற்றிய கொட்டகை இல்லாதோர் இயந்திரத்தைத் தடித்த கம்பளிப் போர்வையாற் போர்த்துகின்றனர். இடைக்கிடை தானே உயிர்த்துச் சற்று ஓடி நிற்கும் கருவியைச் சிலர் பொருத்துகின்றனர். வேறு சிலர் கடையிலும் பணிமனையிலும் தாம் இருக்கும் நேரமெல்லாம் வண்டியை ஓடவே விட்டுவிடுகின்றனர்.

கடைசியாகச் சொன்னது இலகுவான வழி. ஆனால் விலை மிகுந்த வழியும் அதுவே. வெறுமனே ஓடும் இயந்திரம் எரிபொருளைத் தின்கிறது. முழுச்சூடு ஏறாமையால் எரிபொருள் அரைகுறையாய் எரிந்து எண்ணெயைக் கெடுக்கிறது. உட்புறத்திற் கரி படிகிறது. ஊரார் மூச்சுக்கும் அதனால் கேடு. கடுங்குளிரில் வண்டிப் புகையிலுள்ள நீராவி, வெளியே வந்த கணத்திலேயே நுண்ணிய பனித்துகளாகி, காற்றசையாத பள்ளத்தாக்குகளில் வெண்திரையாய்த் தங்கிவிடும். பெயர்பேங்ஸ் நகரத்தின் இந்தப் பனிப்புகாரை அலாஸ்காப் பல்கலைக்கழகத்து அறிஞர் காள் பென்சன் 1960களில் விரிவாக ஆராய்ந்தார். குளிரிற் புறப்படும் இயந்திரம் முதற் சில நிமிடங்களிலே கக்கும் நச்சுப் புகை மிகுதி. முன்கூட்டிச் சூடேற்றிய இயந்திரமோ அவ்வளவைப் பெரிதும் குறைத்துவிடுகிறது.

அமெரிக்கப் புகையிரதங்களும் இவ்விடரிற் சிக்கியிருந்தவையே. அந்நாட்டு டீசல் இயந்திரங்களிற் பெரும்பாலும் உறைதல் தடுக்கும் திரவம் சேர்ப்பதில்லை. வெறும் நீரே சுழல்கிறது. ஆதலால் குளிர்காலத்தில் வேலையில்லாத வேளையிலும் அவை உறுமிக்கொண்டே நின்றன. இக்காலத்தில், நீரின் சூடு தாழும்போது மட்டும் இயந்திரத்தை எழுப்பி, போதிய சூடு ஏறியதும் நிறுத்திவிடும் கருவிகள் அவற்றிற் பொருத்தப்படுகின்றன.

அடுப்பைக் காப்பதற்காக இரவு முழுவதும் விறகு எரித்துக்கொண்டிருப்பவள் கெட்டிக்காரி ஆகாள். சாம்பலுக்குள்ளே ஒரு கைப்பிடித் தணலை எப்படி வைத்திருப்பது என்று அறிந்தவளே கெட்டிக்காரி. ஊதுவிளக்கிலிருந்து மரையாணி வரையும், ஓயாத ஓட்டத்திலிருந்து கடிகாரம் பூட்டிய சூடேற்றி வரையும் நடந்து வந்த பாதை, எத்தனை சிறிய தணல் போதும் என்பதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்ட பாதையே.

நமக்கும் இதில் பங்குண்டு

இக்கலை பனி நாட்டுக்கே உரியதென்று எண்ணிவிடலாகாது. மின்சாரம் தடைப்பட்ட கணத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்தின் விளக்கை அணையவிடாமற் காக்கும் டீசல் மின்னாக்கி இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விதிகளின்படி உயிர்காக்கும் வேலைக்குரிய அத்தகைய இயந்திரம் 10 வினாடிக்குள் மின்னை வழங்க வேண்டும். உறங்கி எழுந்து சோம்பல் முறிக்க அதற்கு நேரமில்லை. ஆகையால் இயந்திரத்தைச் சுற்றியுள்ள நீரை இரவும் பகலும் இளஞ்சூட்டில் வைத்திருக்கும் சூடேற்றி அதிலே பொருத்தப்படுகிறது. வெப்ப நாடுகளிலும் இவ்வேற்பாட்டைக் காணலாம். ஓடாது நிற்கும் அவ்வியந்திரத்தைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சற்காரன் உடல்போலச் சுடும். ஆண்டில் ஒரு தடவை வரக்கூடிய 10 வினாடிக்காக அது முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சூடாகக் காத்திருக்கிறது.

பெற்றோலையும் டீசலையும் விட்டு மின்சார வண்டிக்கு மாறினாலும் இக்காவலிலிருந்து விடுதலை இல்லை. லிதியம் பற்றரி குளிரில் தன் ஓட்டத்தூரத்தை இழக்கும்; உறைநிலைக்குக் கீழே விரைவாக மின்னேற்றினால் கேடுறும். ஆதலால் புறப்படுமுன் பற்றரியைச் சூடாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவ்வண்டிகளிலும் அமைந்துள்ளது. முகப்பிலே கயிறு தொங்கும் வண்டியைக் கண்டு மின்சார வண்டியோ என்று வியந்தவர்களின் ஐயம் ஒரு வகையில் மெய்யாகியும்விட்டது.

நம்பத்தக்க இயந்திரம் என்று நாம் ஒன்றைச் சொல்லும்போது, அந்த நம்பிக்கை முழுவதும் இரும்பினாலும் எண்ணெயினாலும் ஆனதென்று எண்ணிக்கொள்கிறோம். குடிசைக்குள் போகுமுன் விறைத்த விரல்களால் எண்ணெயை வடித்தெடுத்த விமானியும், உறங்குமுன் மறவாமல் மின்கயிற்றைச் செருகும் வீட்டுக்காரரும், வைத்தியசாலையின் பின்புறத்தில் யாரும் பாராத இயந்திரத்தின் சூட்டைத் தினமும் கைவைத்துப் பார்க்கும் தொழிலாளியுமே அந்த நம்பிக்கையை ஆக்குபவர்கள். காலையில் இயந்திரம் முதற் சுழற்சியிலேயே எழுந்து பாடும்போது அவர்களை எவரும் நினைப்பதில்லை. நினையாதபடி அது எழுந்து பாடுவதுதான் அவர்களுடைய வேலை செம்மையாய் நடந்ததற்கு அடையாளம்.